வரைபடம் யாருக்கு?

பொறியியல் பயிலும் நண்பர்கள் நால்வர் விடுதியிற் கூடினால், சாம்பாரைப் பற்றிய குறை தீர்ந்தவுடன் எழும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த மென்பொருளைக் கற்றால் வேலை கிடைக்கும்?" என்பதே அது. வேதிப் பொறியியல் மாணவரிடையே இக்கேள்வி இன்னும் குறுகி, குழாய்-கருவி வரைபடத்துக்குரிய 'அறிவார்ந்த' மென்பொருள்களுள் எது சிறந்தது என்னும் வழக்காகிவிடுகின்றது. ஒருவர் ஹெக்ஸகனின் ஸ்மார்ட் பி அண்ட் ஐடிக்கு நிகரில்லை என்பார். ஆட்டோகேட் பிளான்ட் 3டி போதும் என்பார் மற்றொருவர். சீமென்ஸின் காமோஸைக் கண்ணாற் காணாதவரும் அதற்காக நடுநிசி வரை வாதாடுவார். நடிகர்களுக்கு ரசிகர் இருப்பது போல மென்பொருளுக்கும் ரசிகர் ஏற்பட்டுவிட்டனர்!

இவ்வழக்கில் நானும் ஒரு கருத்துடையேன். ஆயின் அதைப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை. நான் மறையூர்க்காரன்; என் ஊரிலிருந்தே தொடங்குகின்றேன்.

அதற்கு முன் ஒரு சொல். தமிழ்த்துறை நண்பர்களும் வரலாற்றுத்துறை நண்பர்களும் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பி அண்ட் ஐடி என்று நாங்கள் வழங்கும் வரைபடம் ஓர் ஆலையின் உறவு முறையைக் காட்டுவது. எந்தக் கலத்திலிருந்து எந்தக் குழாய் புறப்படுகின்றது, இடையில் எத்தனை வால்வுகள், எங்கே அழுத்தமானி, எங்கே வெப்பமானி, எதை எது கட்டுப்படுத்துகின்றது என்பன அதில் இருக்கும். நீள அகலம் அதில் இராது; ஊர்ப்படத்தைவிட அது குலமுறைப் படத்துக்கு நெருங்கியது எனலாம். அதற்கென ஓர் இலக்கணமும் உண்டு. அமெரிக்கக் கருவியியல் சங்கம் 1949ஆம் ஆண்டில் முதன்முதல் வகுத்து, பிறகு பலமுறை திருத்திய குறியீட்டு முறையே இன்றும் பெருவழக்கு. முதலெழுத்து அளக்கப்படும் பொருளைச் சொல்லும். பின்வரும் எழுத்துகள் கருவியின் தொழிலைச் சொல்லும். டிஐ என்றால் வெப்பத்தைக் காட்டுவது. எல்சி என்றால் மட்டத்தைக் கட்டுப்படுத்துவது. எழுவாயும் பயனிலையும் போல இரண்டும் சேர்ந்தே பொருள் தரும்.

மறையூரில் கரும்பாலைக் கொட்டகைகள் பல உண்டு. அங்கே காய்ச்சும் சர்க்கரைக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கொப்பரையில் சாறு கொதிக்கின்றது. அடுப்பில் சக்கை எரிகின்றது. பதம் பார்ப்பவர் பாகைத் துழாவி, அது விழும் விதத்தைக் கண்டே இறக்கு என்கின்றார். அவருக்கு வரைபடம் வேண்டுமா? வேண்டா. அவருடைய ஆலை முழுவதும் அவர் கண்முன்னே திறந்து கிடக்கின்றது. மறைவான குழாய் இல்லை. மூடிய கலம் இல்லை. தொழில் நுட்பம் அவர் கையிலும் மூக்கிலும் இருக்கின்றது. எதற்கும் மென்பொருள் வேண்டும் என்போர் ஒருமுறை அக்கொட்டகையில் நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் அதே ஊரில் கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் சந்தனத் தைல ஆலையும் இருக்கின்றது. மலைச்சரிவுகளில் எலுமிச்சம்புல்லிலிருந்து தைலம் வடிப்பதும் பழைய தொழில்தான். இங்கே நிலைமை வேறு. கட்டையைத் தூளாக்கியோ புல்லை நறுக்கியோ கலத்தில் அடைத்து, மூடியை இறுக்கி, நீராவியை உள்ளே விடுகின்றோம். தைலம் ஆவியோடு கலந்து வெளியேறிக் குளிர்விப்பானில் நீராகி, பிரிகலத்தில் நீரினின்று பிரிகின்றது. புல்தைலம் நீரைவிட நன்றாக இலேசானது, விரைவில் மிதந்துவிடும். சந்தனத் தைலத்தின் அடர்த்தியோ நீரின் அடர்த்தியை நெருங்கியிருக்கும். ஆகவே பொறுமையாகத்தான் பிரியும். நாள் கணக்கில் வடிக்க வேண்டிய பொருள் அது. இத்தனையும் மூடிய இரும்புக்குள் நடக்கின்றன. கண் காணாத இடத்தில் கண்ணுக்குப் பதிலாக நிற்பது வரைபடமும் அதிற் குறித்த கருவிகளுமே.

பயிற்சிக்காக இத்தகைய சிறிய வடியாலை ஒன்றைக் கற்பனையில் அமைத்துத் தாளில் வரைந்து பார்த்தேன். ஒரு கொதிகலன், இரண்டு வடிகலன்கள், ஒரு குளிர்விப்பான், பிரிகலன், தண்ணீர்த் தொட்டி, இரண்டு பம்புகள். குழாய்கள் முப்பதுக்கு மேல். வால்வுகள் அறுபதுக்கு அருகில். ஒரே தாளில் அடங்கிவிட்டது. இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள்.

ஒரு வடிகலனும் ஒரு குளிர்விப்பானும் மட்டும் இருந்தால் ஆவிக்குழாயில் வால்வே வேண்டியதில்லை. கலம் எப்போதும் வெளிக்காற்றை நோக்கித் திறந்தே இருக்கும், அழுத்தம் ஏறாது. விளைச்சல் பெருகி இரண்டாவது கலம் வைக்கின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்விப்பானுக்குச் செலவு அதிகம். பழையதே இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிவாகின்றது. ஒன்று ஓடும்போது மற்றொன்றைத் திறந்து சக்கையை அள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு கலத்தின் ஆவிக்குழாயிலும் ஒரு வால்வு வைக்கின்றோம். நியாயமான வேலைதான். ஆனால் நேற்றுவரை திறந்த பாத்திரமாய் இருந்தது இன்று அழுத்தக் கலமாகிவிட்டது! ஆவி வால்வைத் திறக்க மறந்து நீராவியை மட்டும் திறந்தால், மூடிய கலத்துக்குள் கொதிகலனின் அழுத்தம் ஏறும். வால்வுக்கு முன்னே, கலத்தின் தலையிலேயே, ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தால் பிழைத்தோம். அது கொதிகலனில்தான் இருக்கின்றது, கலத்தில் இல்லை என்பதை யார் கவனிப்பது? வெல்டிங் செய்தவர் கவனிக்க மாட்டார்; அது அவர் வேலையன்று. தாளில் வரைந்து, நாலுபேர் குழாய் குழாயாக விரலை வைத்துப் படித்தால்தான் அது தெரியவரும். ஹாஸாப் என்று வகுப்பில் நாம் மனப்பாடம் செய்வது இந்த விரல் வைத்துப் படிக்கும் வேலையைத்தான்.

இது கற்பனை ஆலையின் கதை. நடந்த கதைக்கு இங்கிலாந்துக்குப் போவோம். பிளிக்ஸ்பரோ என்ற ஊரில் நைலானுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலையில், ஆறு கலன்கள் வரிசையாக நின்றன. 1974ஆம் ஆண்டு ஐந்தாவது கலனில் வெடிப்புக் கண்டது. அதை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். கலன்களின் வாய் 28 அங்குலம். கையில் இருந்த குழாய் 20 அங்குலம். அந்தக் குழாய்க்கு வரையப்பட்ட படம் யாது தெரியுமா? பட்டறைத் தரையில் சாக்கட்டியால் இட்ட கோடுகளே. ஆலையின் தலைமைப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. ஜூன் முதல் நாள் அக்குழாய் பிய்த்துக்கொண்டது. சைக்ளோஹெக்ஸேன் மேகமாய்ப் பரவி வெடித்தது. 28 பேர் மாண்டனர். அன்று சனிக்கிழமை. வேலைநாளாய் இருந்திருந்தால் மாண்டோர் தொகை இன்னும் பெருகியிருக்கும்.

சாக்கட்டிக் காலம் போய்விட்டது என்று ஆறுதல் அடைய வேண்டா. 2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் விடியற்காலையில், விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து ஆவி வெளியேறி 12 உயிர்களைக் கொண்டது. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் அறிக்கையைப் படித்தால், நம் வரைபடத்துக்குள்ளேயே நடமாடுவது போலிருக்கும். 2019 டிசம்பரில் தொட்டியின் சுற்றோட்டக் குழாயில் மாற்றம் செய்திருந்தனர். அதனால் உள்ளே திரவம் நன்றாகக் கலக்கவில்லை. வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. மேலே வெப்பம் ஏறிக்கொண்டிருக்க, கீழே உள்ள கருவி நலமே என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் மாற்றம். மேல்மட்டத்தில் இல்லாத ஒரு டிஐ. வரைபடத்தில் அது ஒரு சிறு வட்டம், அவ்வளவே.

இனி மென்பொருளுக்கு வருவோம். 'அறிவார்ந்த' என்னும் அடைமொழியைக் கேட்டவுடன் அது சிந்திக்கும் என்று சிலர் எண்ணிக்கொள்கின்றனர். அது சிந்திப்பதில்லை. பழைய ஆட்டோகேட் படத்தில் வால்வு என்பது இரண்டு முக்கோணம், வேறொன்றுமில்லை. அறிவார்ந்த படத்தில் அந்த இரண்டு முக்கோணத்துக்குப் பின்னால் தரவுத்தளத்தில் ஒரு பதிவு உண்டு: எண், அளவு, எந்தக் குழாய்மேல் உள்ளது, எந்தத் தரக்குறிப்பின்படி வாங்கப்பட்டது என்றெல்லாம். படத்தில் அளவை மாற்றினால் வால்வுப் பட்டியலும் மாறும். பட்டியலில் மாற்றினால் படமும் மாறும். 4 அங்குலக் குழாயில் 3 அங்குல வால்வு உட்கார்ந்தால் எச்சரிக்கும். எங்கும் சேராமல் அந்தரத்தில் நிற்கும் குழாயைக் காட்டிக்கொடுக்கும். ஒரே எண் இரண்டு கருவிக்கு இருந்தால் பிடிக்கும். இவை பெரிய உதவிகள், மறுப்பதற்கில்லை. ஆயிரக்கணக்கான வால்வுகளுள்ள ஆலையில் கைப்பட்டியல் வைத்து மாரடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் நான் மேலே சொன்ன வடிகலனின் தலையில் பாதுகாப்பு வால்வு இல்லையே என்று எந்த மென்பொருளும் தானாக வந்து சொல்லாது. அதற்கென ஒரு விதியை நாம் எழுதி வைத்தால் ஒருவேளை சொல்லும். விதி எழுதத் தெரிந்தவனுக்கு அது இல்லாமலே தெரியும்!

இருக்கும் மென்பொருள்களுள் வேறுபாடு என்ன? சுருங்கச் சொல்வேன். ஸ்மார்ட் பி அண்ட் ஐடி ஆரக்கிள் அல்லது எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் பெருந்தரவுத்தளத்தின்மேல் நிற்பது. நூறு பேர் ஒரே சமயத்தில் வேலை செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்கு ஏற்றது. அதை நிருவகிக்கவே தனி ஆள் வேண்டும். காமோஸில் குழாயும் மின்சாரமும் கருவியும் ஒரே தரவுத்தளத்தில் வாழ்கின்றன. ஆலை நடத்துவோர்க்கு அது வசதி, கற்பதற்கோ நாளாகும். ஆட்டோகேட் பிளான்ட் 3டியில் படம் நாம் அறிந்த டி.டபிள்யூ.ஜி. கோப்பாகவே இருக்கின்றது, சிறு வேலைக்கு எஸ்.க்யூ.லைட் என்னும் சிறு தரவுத்தளமே போதும். பெரிய வேலைக்கு எஸ்.க்யூ.எல். சர்வருக்கு மாறலாம். 2018இல் வெளியான பதிப்பு முதல் அது ஆட்டோகேட்டோடு சேர்ந்த கருவித்தொகுப்பாகவே வருகின்றது. அவீவாவும் பென்ட்லியும் தத்தம் முப்பரிமாண மென்பொருளோடு இணங்கும் படைப்புகளை வைத்திருக்கின்றன. ஏற்கனவே அவ்வீட்டில் குடியிருப்போர்க்கு அவை ஏற்றவை.

என் தீர்ப்பு இதுதான்: மறையூர் வடியாலை போன்றதற்கு முதலிரண்டும் பல்லிக்கு யானைச் சங்கிலி. பிளான்ட் 3டி போதும். அதற்கும் பணமில்லையாயின், இலவசமாகக் கிடைக்கும் வரைபட மென்பொருள் ஒன்றும், ஒழுங்காக வைத்த விரிதாள் ஒன்றும் போதும். ஒழுங்காக என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் எண். அவ்வெண் பித்தளைத் தகட்டில் வால்வின் கழுத்திலும் தொங்க வேண்டும். தகட்டில் இல்லாத எண் தரவுத்தளத்தில் இருந்து என்ன பயன்?

பெரிய ஆலைக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பதை அறிவேன். அங்கே நான் வேறொன்றை முதலிற் கேட்பேன். மணலிச் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மணலியில் எண்ணெய் சுத்தியாகின்றது. ஆலைகளின் ஆயுள் அத்தகையது. மென்பொருளின் ஆயுள்? காமோஸைப் படைத்த இன்னோடெக்கை 2008இல் சீமென்ஸ் வாங்கியது. இன்டர்கிராப்பை 2010இல் ஹெக்ஸகன் வாங்கியது. 2023 ஜனவரியில் அவீவா முழுவதும் ஷ்னைடரின் சொத்தாயிற்று. ஆட்டோடெஸ்க் 2016 முதல் ஒரேயடியாக விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. நான் இவர்களைக் குறைகூறவில்லை. வாணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் அறுபதுகளில் டிரேசிங் தாளில் மையால் இட்ட கோட்டை இன்றும் எவரும் விளக்கடியில் பிடித்துப் படிக்கலாம். சந்தா தீர்ந்த மென்பொருளின் கோப்பில் கோடு தெரியலாம். கோட்டுக்குப் பின்னால் உள்ள அறிவு தெரியுமா?

ஆகவே விற்பனையாளர் வந்து வண்ண வண்ணப் படங்களைக் காட்டும்போது, 'உள்ளே என்னென்ன செய்யும்?' என்று கேட்பதற்கு முன், 'வெளியே எப்படி எடுப்பது?' என்று கேட்க வேண்டும். 2011ஆம் ஆண்டிலிருந்து டெக்ஸ்பி என்ற பொதுவடிவம் ஒன்றை வளர்த்து வருகின்றனர், பி.ஏ.எஸ்.எப்., பேயர் போன்ற ஆலை உடைமையாளர்களே அதில் முன்னின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு மென்பொருளில் வரைந்ததை மற்றொன்றில் பொருள் மாறாமல் திறப்பதே அதன் நோக்கம். ஆதரவு உண்டு என்று கம்பெனிகள் சொல்லும். சொன்னால் போதாது, நம் படத்தையே கொடுத்து, நம் கண்முன்னே வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். ஒரு குழாயை வெட்டி நடுவில் வால்வு வைக்கச் சொல்லி, எந்தெந்தப் பட்டியல் மாறியது, யார் மாற்றினார், நேற்றைய படத்துக்கும் இன்றையதற்கும் வேற்றுமை எங்கே என்று காட்டச் சொல்ல வேண்டும். அரைமணி நேர வேலைதான்.

தமிழ்ச் சங்கத்து இதழில் எழுதுவதால் மட்டும் அடுத்ததைச் சொல்லவில்லை. மறையூர் கேரளத்தில் இருக்கின்றது. ஆனால் எங்கள் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியிற் கலப்பது போல, எங்கள் பேச்சும் உடுமலைப்பேட்டையை நோக்கியே ஓடும். அலுவலகத்தில் மலையாளம், வேலைக்களத்தில் தமிழ், வரைபடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழி. இரவு இரண்டு மணிக்கு வால்வைத் திருகுபவருக்கு வரைபடத்தின் குறிப்புப் புரிய வேண்டாமா? டிஐ, எல்சி முதலிய குறிகளை மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவை எண்களைப் போல உலகப் பொதுவாகவே இருக்கட்டும். ஆனால் 'இரண்டாம் வடிகலன் நீராவி வால்வு', 'கலம் குளிருமுன் திறவாதே' என்னும் விளக்கங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத இடம் வேண்டும். இதையும் சோதித்தே வாங்க வேண்டும். ஆட்டோகேட்டின் பழைய எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்களில் தமிழ் கிடையாது; திரையில் சரியாகத் தோன்றும் கொம்பும் காலும் அச்சில் இடம் மாறி நிற்பதும் உண்டு. 'கொதி' என்பது 'காெதி' ஆகிவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம்; பட்டியலாக வெளியே எடுக்கும்போது தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்து நின்றால் சிரிப்பதற்கில்லை.

"நீ சொல்வதெல்லாம் சரி; சென்னையிலும் பரோடாவிலும் உள்ள வடிவமைப்பு நிறுவனங்கள் பெரிய மென்பொருள் தெரியுமா என்றுதானே கேட்கின்றன?" என்று என் அறைத் தோழர் கேட்கின்றார். கேட்கின்றன, அவர் சொல்வதில் உண்மை உண்டு. கல்விக்கட்டணத்துக்குக் கடன் வாங்கியவனிடம் போய்த் தத்துவம் பேசுவது எளிதன்று. ஆனால் பொத்தான்களைக் கற்க ஆறு வாரம் போதும். வேலைக்குச் சேர்ந்த பின் அவர்களே கற்பிப்பர். ஒரு குழாயை அதன் பிறப்பிடத்திலிருந்து முடிவிடம் வரை பின்தொடர்ந்து, வழியில் இருப்பதையும் இல்லாததையும் குறிக்கும் கண்ணை எந்தப் பயிற்சி நிலையமும் ஆறு வாரத்தில் தராது. பிளான்ட் 3டியை மாணவர்க்குக் கட்டணமின்றியே தருகின்றனர். பம்பாய் ஐ.ஐ.டி.யின் பாஸி திட்டத்தார் டி.டபிள்யூ.சிம் என்னும் கட்டற்ற மென்பொருளை வைத்து மாணவரைக் கொண்டே செயல்முறைப் பாய்படங்களை உருவாக்குகின்றனர். குழாய்-கருவி வரைபடத்துக்கு முந்திய படி அது. இரண்டும் இருக்க, பணமில்லை என்னும் சாக்கு நமக்குச் செல்லாது.

துறையில் மென்பொருள் வாங்கும் பேச்சு எழும்போது, மாணவர் கருத்தையும் கேட்பார்களானால் நான் சொல்லப்போவது இது: சிறியதை வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தில், ஆண்டுக்கு இருபது மாணவரை எங்கேனும் ஒரு சிறிய ஆலைக்கு அனுப்புங்கள். சர்க்கரை ஆலையோ, பாற்பண்ணையோ, தைல வடியாலையோ எதுவாயினும் சரி. கையில் அட்டையும் பென்சிலும் டார்ச்சு விளக்கும் கொடுங்கள். அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தை முதல் நாள் காட்ட வேண்டா. மூன்று நாள் குழாய்களினூடே குனிந்து நுழைந்து, எண்ணி, வரைந்துகொண்டு வரட்டும். நான்காம் நாள் இரண்டு படங்களையும் ஒரே மேசைமேல் விரித்து, வேறுபடும் இடங்களில் சிவப்புப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள், ஆலைக்காரர்களும் உடனிருக்கட்டும். அந்தச் சிவப்பு வட்டங்களைத்தான் முதலில் கணினியில் ஏற்ற வேண்டும்.